ஐ-140 பிரீமியம் பிராசஸிங்: 2,965 டாலருக்கு தென்னாப்பிரிக்காவில் இருப்பவருக்கு என்ன கிடைக்கிறது?

அமெரிக்கக் குடியேற்றத் துறையான யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸில் எதைப் போட்டாலும் வரும் பதில் "காத்திருங்கள்" என்பதுதான். இத்தனை நாளில் பார்ப்போம் என்று சொல்லி, சொன்ன நாள் தவறினால் வாங்கிய காசைத் திருப்பித் தரும் சேவை அங்கே ஒன்று உண்டு. அதுதான் பிரீமியம் பிராசஸிங். வேலை வழி கிரீன் கார்டுக்கு முதலாளி போடும் ஐ-140 மனு சாதாரண வரிசையில் மாதக்கணக்கில் கிடக்கும். ஐ-907 என்ற படிவத்தோடு கூடுதல் கட்டணம் கட்டினால் 15 வேலை நாளில் எடுத்துப் பார்க்கிறார்கள். சொன்னதைச் செய்கிறார்கள், அதில் குறை சொல்ல அதிகமில்லை. ஆனாலும் டர்பனிலும் ஜோகன்னஸ்பர்க்கிலும் இதற்குக் காசு கட்டுகிற நம்மவர் பலருக்கு இந்த வேகத்தால் ஒரு நாள்கூட மிச்சமாவதில்லை. அவர்களை நிறுத்தி வைத்திருப்பது ஐ-140 மேஜை அல்ல, அதற்கு அப்பால் நிற்கும் விசா வரிசை.

நியூ ஜெர்சியில் இருக்கும் மச்சான் "யோசிக்காம பிரீமியம் போடு" என்பார். அவர் நிலைமைக்கு அது சரி. ஹெச்-1பி என்ற தற்காலிக வேலை விசாவில் இருப்பவருக்கு ஐ-140 பாஸானால் 6 ஆண்டு வரம்பைத் தாண்டி நீட்டிப்பு கிடைக்கும், ஹெச்-4 விசாவில் இருக்கும் மனைவி வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். காகிதம் கைக்கு வந்த அன்றே பலன். சாட்ஸ்வொர்த்திலோ லெனேசியாவிலோ மிட்ராண்டிலோ இருந்துகொண்டு தூதரக வழியில் போகிறவருக்கு அப்படி எதுவும் இல்லை. ஐ-140 பாஸானாலும் விசா கைக்கு வரும்வரை அவர் இருக்கும் இடத்தில்தான் இருப்பார். 2025 செப்டம்பரில் வெளிநாட்டில் இருப்பவருக்கான புதிய ஹெச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்ற உத்தரவு வந்த பிறகு நேரடியாக ஐ-140 வழியை விசாரிப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். அவர்களாவது அமெரிக்காவில் இருப்பவரின் கணக்கைத் தங்கள் கணக்காக எடுத்துக்கொள்ளாமல் இருக்க வேண்டும்.

கட்டணமும் நாள் கணக்கும்

2024 பிப்ரவரி 26 முதல் 2,805 டாலராக இருந்த பிரீமியம் கட்டணம் 2026 மார்ச் 1 முதல் 2,965 டாலர். ஐ-140 மனுவின் அடிப்படைக் கட்டணம் 715 டாலர் தனி. அதோடு முதலாளி கட்டும் அசைலம் புரோகிராம் ஃபீஸ் 600 டாலர். 25 முழுநேர ஊழியருக்கு மேற்படாத சிறிய நிறுவனத்துக்கு அது 300, லாப நோக்கற்ற நிறுவனத்துக்கு ஒன்றுமில்லை. பெரிய ஆஸ்பத்திரி ஒன்று உங்களுக்காகப் போடுகிறது என்றால் மொத்தம் 4,280 டாலர். வக்கீல் கூலி வேறு. டாலர் 17 ரேண்ட் என்று வைத்தால் பிரீமியத்துக்கு மட்டும் 50,405 ரேண்ட். அந்தப் பணத்துக்கு இங்கே ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம்.

15 நாள் என்பது காலண்டர் நாள் அல்ல. 2024 ஏப்ரல் 1 முதல் வேலை நாள் கணக்கு. சனி, ஞாயிறு, அமெரிக்க அரசு விடுமுறைகள், பனிப்புயலால் அலுவலகம் மூடும் நாள்கள் எதுவும் சேராது. ஆக விடுமுறை குறுக்கிடாவிட்டால் 3 வாரம். ஈபி-1சி எனப்படும் பன்னாட்டு நிறுவன மேலாளர் பிரிவுக்கும், முதலாளி இல்லாமல் நாமே போடக்கூடிய நேஷனல் இன்டரெஸ்ட் வெய்வர் பிரிவுக்கும் 45 வேலை நாள், அதாவது 9 வாரம். சாண்ட்டனில் உள்ள பன்னாட்டுக் கம்பெனியிலிருந்து அமெரிக்கக் கிளைக்கு மாறும் மேலாளர்கள் பலர் 15 நாள் என்று நினைத்து வீட்டைக் காலி செய்யத் தேதி குறித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு 45.

இன்னொன்றைக் கட்டணம் கட்டும் முன்பே மண்டையில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அந்த 15 நாளுக்குள் "முடிவு" தருகிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை, "நடவடிக்கை" எடுக்கிறோம் என்றுதான் சொல்கிறார்கள். அனுமதி, மறுப்பு, கூடுதல் ஆதாரம் கேட்கும் ஆர்எஃப்இ, மறுக்கப் போகிறோம் என்ற முன்னறிவிப்பு, மோசடி விசாரணை தொடங்குவது, இவற்றில் எது நடந்தாலும் அவர்கள் கணக்கில் வேலை முடிந்தது. ஆர்எஃப்இ வந்தால் கடிகாரம் நின்றுவிடும். நீங்கள் பதில் அனுப்பி அது அங்கே போய்ச் சேர்ந்த பிறகு புதிதாக இன்னொரு 15 நாள் ஓடும். மறுத்துவிட்டாலும் காசு திரும்பாது. சொன்ன நாளுக்குள் எந்த நடவடிக்கையும் எடுக்காமல் விட்டால் மட்டுமே திருப்பித் தருவார்கள், அப்போதும் மனுவை வேகமாகத் தொடர்ந்து பார்ப்பார்கள். இந்த விதி நியாயமானது. அரசு அலுவலகம் ஒன்றில் இவ்வளவு பொறுப்பைப் பார்ப்பது அபூர்வம்.

பிறந்த ஊர் எது?

அமெரிக்கா ஆண்டுக்குக் குறைந்தது 1,40,000 வேலை வழி விசாக்கள் தருகிறது. மனைவி, பிள்ளைகளும் இந்த எண்ணிக்கைக்குள்தான் வருகிறார்கள். எந்த ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. நாடு என்றால் பாஸ்போர்ட் தரும் நாடு அல்ல, பிறந்த நாடு. சென்னையில் பிறந்து, ஜோகன்னஸ்பர்க்கில் இருபது ஆண்டு வேலை பார்த்து, தென்னாப்பிரிக்கக் குடியுரிமையே வாங்கியிருந்தாலும் அமெரிக்க அரசு வெளியிடும் விசா வரிசைப் பட்டியலில் நீங்கள் இந்தியா பத்தியில்தான் நிற்பீர்கள். மேற்பட்டம் பெற்றவர்களுக்கான ஈபி-2, பட்டதாரிகளுக்கும் திறன் தொழிலாளர்களுக்குமான ஈபி-3 இரண்டு பிரிவிலும் அந்தப் பத்தி பத்தாண்டுக்கும் மேல் பின்தங்கிக் கிடக்கிறது. டர்பனின் போனிக்ஸிலோ பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலோ பிறந்த நாயுடுவும் கோவெண்டரும் "மற்ற எல்லா நாடுகள்" பத்தி. யாழ்ப்பாணத்தில் பிறந்தவரும் அதே பத்திதான்.

சென்னையில் பிறந்தவருக்கு ஈபி-2வில் பிரீமியம் போட்டால் ஐ-140 பாஸான கடிதம் 3 வாரத்தில் வரும். அதன் பிறகு அவர் பத்தாண்டுக் கணக்கில் காத்திருக்கிறார். சாதாரண வரிசையில் போட்டிருந்தாலும் அதே நாளில்தான் விசா. வரிசையில் அவருடைய இடத்தைத் தீர்மானிக்கும் பிரையாரிட்டி டேட், பெர்ம் எனப்படும் தொழிலாளர் சான்று மனுவைத் தொழிலாளர் துறை ஏற்றுக்கொண்ட தேதி. பிரீமியம் அதை ஒரு நாள்கூட முன்னே நகர்த்தாது.

ஆனால் கணவர் திருச்சியில் பிறந்து மனைவி சாட்ஸ்வொர்த்தில் பிறந்திருந்தால் கதை மாறும். கணவரின் மனுவையே மனைவி பிறந்த நாட்டுக் கணக்கில் வைக்கச் சட்டம் இடம் தருகிறது. தென்னாப்பிரிக்காவில் இப்படிப்பட்ட குடும்பங்கள் எத்தனையோ இருந்தும் இந்தச் சலுகையைக் கேட்டு வாங்காமல் இந்தியா பத்தியில் காத்துக்கிடப்பவர்கள் உண்டு. பாஸான மனுவை நேர்முகத்துக்குத் தயாராக்கும் அமெரிக்க அரசின் நேஷனல் விசா சென்டர், முதன்மை விண்ணப்பதாரர் பிறந்த இடத்தைப் பார்த்துக் கோப்பை ஒதுக்கும், மனைவி எங்கே பிறந்தார் என்று தானாகத் தேடாது. மனைவியின் முழுப் பிறப்புச் சான்றிதழையும் திருமணச் சான்றிதழையும் வைத்து எழுத்து மூலம் கேட்க வேண்டும். இருவரும் சேர்ந்தே விசா வாங்க வேண்டும் என்பதையும் கவனிக்கவும். பிள்ளை டர்பனில் பிறந்தது என்பதைக் காட்டிப் பெற்றோர் வரிசை மாற முடியாது. கணவன் மனைவிக்குள் மாறலாம், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகலாம், பிள்ளையிடமிருந்து மேலே வராது.

அப்படியானால் யாருக்கு இந்த 2,965 டாலர் உண்மையிலேயே காலத்தை மிச்சப்படுத்துகிறது? மாதாமாதம் வெளியாகும் விசா புல்லட்டின் என்ற அந்தப் பட்டியலில் உங்கள் பத்தியில் "சி" என்ற எழுத்து இருப்பவருக்கு. அதாவது வரிசையே இல்லாதவருக்கு. ஈபி-1 பிரிவில் தென்னாப்பிரிக்காவில் பிறந்த ஆராய்ச்சியாளர், மேலாளர் போன்றவர்கள் வழக்கமாக இந்த நிலையில் இருக்கிறார்கள். இவர்களுக்கு ஐ-140 மேஜைதான் ஒரே தடை, அதை விலக்கினால் நேராக நேர்முகத்துக்குப் போகலாம். பெர்ம் வழியில் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தொழிலாளர் துறையில் பிரீமியம் கிடையாது. அங்கே சம்பள நிர்ணயத்துக்குப் பல மாதம், பெர்ம் பரிசீலனைக்கு அண்மை ஆண்டுகளில் ஓராண்டுக்கு மேல். இவ்வளவும் கடந்து வந்த பிறகு ஐ-140க்குப் பிரீமியம் போடுவது மொத்தப் பயணத்தில் சிறு பகுதியைத்தான் சுருக்கும்.

நர்ஸ்கள் விஷயம்

தென்னாப்பிரிக்காவிலிருந்து இந்த வழியில் போகிறவர்களில் நர்ஸ்களைத் தனியாகப் பேச வேண்டும். அவர்கள் ஷெட்யூல் ஏ பிரிவு. பெர்ம் வேண்டாம், தொழிலாளர் துறையிடம் சம்பள நிர்ணயம் மட்டும் வாங்கி, ஆஸ்பத்திரியில் 10 வேலை நாள் அறிவிப்பு ஒட்டி, நேராக யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸிடம் ஐ-140 போடலாம். இங்கே பிரையாரிட்டி டேட் என்பது ஐ-140 முறையாகப் போய்ச் சேர்ந்த தேதி. நர்ஸ்கள் பெரும்பாலும் ஈபி-3. அந்தப் பத்தி அண்மை ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவருக்கும் பின்தங்கியே நிற்கிறது. நிதியாண்டு முடியும் செப்டம்பர் நெருங்கினால் எண்ணிக்கை தீர்ந்து மொத்தமாக நின்றுபோவதும் உண்டு, அக்டோபர் 1-ல் மறுபடி திறக்கும்.

ஆக நர்ஸ் ஒருவருக்குப் பிரீமியம் விசாவை முன்னால் கொண்டுவராது. ஆள்சேர்ப்பு ஏஜென்சிக்காரர் "பிரீமியம் போட்டுவிட்டோம், சீக்கிரம் போய்விடலாம்" என்று சொன்னால் பாதி உண்மைதான். ஆனாலும் நர்ஸ்களுக்கு இதை வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. காரணம் வேறு. ஐ-140 ஒரு முறை பாஸாகிவிட்டால் அந்தப் பிரையாரிட்டி டேட் உங்களுடையது. ஆஸ்பத்திரி பின்னால் மனம் மாறி மனுவைத் திரும்பப் பெற்றாலும், வேறு ஆஸ்பத்திரி புதிய மனு போடும்போது பழைய தேதியை எடுத்துக்கொள்ளலாம். மோசடி, பொய்த் தகவல், அலுவலகத்தின் பெரும் பிழை போன்ற காரணங்களால் ரத்தானால்தான் தேதி போகும். மனு பாஸாவதற்கு முன்பே ஆஸ்பத்திரி விலகினால் தேதியும் சேர்ந்து போய்விடும். அமெரிக்க ஆஸ்பத்திரிக் குழுமங்கள் கைமாறுவதும் ஏஜென்சிகள் இடையில் ஒப்பந்தத்தை முறிப்பதும் புதிதல்ல. அந்த ஆபத்துக்கு எதிரான காப்பீடாக எண்ணிக் கட்டுவதென்றால் 2,965 டாலர் கட்டலாம். வேகத்துக்காகக் கட்டுவதானால் வேண்டாம்.

யார் கட்டுவது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஐ-907 படிவத்தை முதலாளியோ அவருடைய வக்கீலோதான் போட முடியும், பயனாளியான நீங்கள் போட முடியாது. நாமே நமக்கு மனு போடும் பிரிவுகள் மட்டும் விதிவிலக்கு. ஆனால் பணத்தை நீங்கள் கொடுக்கலாம். பெர்ம் தொடர்பான வக்கீல் கூலி, விளம்பரச் செலவு இவற்றை மட்டும் முதலாளியே ஏற்க வேண்டும் என்பது விதி. ஏஜென்சி "நாங்களே கட்டுகிறோம்" என்றால் ஒப்பந்தத்தில் வேலையை இடையில் விட்டால் திருப்பிக் கட்ட வேண்டிய தொகைப் பட்டியலைப் படியுங்கள். பிரீமியம் கட்டணம் அங்கே சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும்.

20 வயதில் பிள்ளை இருந்தால்

இந்தச் சேவை தீங்கு செய்யக்கூடிய ஒரே இடம் இது. ஏஜென்சிக்காரர்கள் இதைச் சொல்வதில்லை.

விசா வரும் முன் பிள்ளைக்கு 21 வயது ஆகிவிட்டால் பெற்றோருடன் போக முடியாது. குழந்தை நிலைப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு ஒரு கழித்தல் கணக்கு வைத்திருக்கிறது. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயதை எடுத்து, அதிலிருந்து ஐ-140 எத்தனை நாள் நிலுவையில் கிடந்ததோ அத்தனை நாளைக் கழிப்பார்கள். வருவது 21க்குக் கீழே இருந்தால் பிள்ளை தப்பியது. பிரீமியம் போட்டால் நிலுவை நாளே இல்லாமல் போகிறது. கழிக்க ஒன்றும் மிஞ்சாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிரையாரிட்டி டேட் வரும்போது பிள்ளைக்கு வயது 21, அதற்கு மேல் 4 மாதம். பிரீமியத்தில் ஐ-140 மூன்று வாரத்தில் பாஸாகியிருந்தால் கழிப்பது 21 நாள். பிள்ளை 21ஐத் தாண்டியதுதான், டர்பனிலேயே நிற்க வேண்டும். சாதாரண வரிசையில் 9 மாதம் கிடந்திருந்தால் கழித்த பிறகு வயது 20, அதற்கு மேல் 7 மாதம். பிள்ளையும் விமானம் ஏறலாம். ஒரே குடும்பம், ஒரே தேதி, ஒரே புல்லட்டின். காசு கட்டியதால் வந்த வினை.

வழி இருக்கிறது. சாதாரண வரிசையில் போட்டுவிட்டு, பின்னால் எப்போது வேண்டுமானாலும் ஐ-907 போட்டுப் பிரீமியத்துக்கு மாற்றலாம். மனு நிலுவையில் கிடக்கட்டும், புல்லட்டினை மாதாமாதம் பாருங்கள், தேதி நெருங்கும்போது மாற்றுங்கள். ஐ-140 நிலுவையில் இருக்கும்போதே தேதி வந்துவிட்டால் இன்னும் நல்லது. அப்போது கணக்கில் வரும் வயது, மனு போட்ட நாளில் இருந்த வயதாகவே முடியும். முன்பு சொன்ன முதலாளி விலகும் ஆபத்து இதற்கு எதிர்ப்பக்கம் நிற்கிறது. இரண்டில் எது பெரிது என்பது பிள்ளையின் வயதையும் ஆஸ்பத்திரியின் நிலையையும் பொறுத்தது. 14 வயதுப் பிள்ளைக்கு இந்தக் கவலையே வேண்டாம், 18 தாண்டியிருந்தால் வக்கீலிடம் இந்தக் கேள்வியை முதல் நாளே வையுங்கள். தேதி வந்த பிறகு ஓராண்டுக்குள் பிள்ளைக்காக விசா படிவமான டிஎஸ்-260 போடுவது போன்ற ஒரு நடவடிக்கை எடுத்தாக வேண்டும், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகியிருக்கக் கூடாது.

பார்சல் திரும்பி வரும் காரணங்கள்

15 நாள் கடிகாரம் பார்சலை நீங்கள் அனுப்பிய அன்று தொடங்குவதில்லை. சரியான முகவரிக்கு, சரியான கட்டணத்துடன், முழுமையாகச் சேர்ந்த அன்றுதான். ஐ-907 உள்ள மனுவுக்கும் இல்லாத மனுவுக்கும் முகவரி வேறு. அமெரிக்கத் தபாலுக்கும் கூரியருக்கும்கூட வேறு வேறு. படிவத்தின் அடியில் அச்சிட்டிருக்கும் பதிப்புத் தேதி பழையதாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார்கள். கையெழுத்து பேனாவால் போட்டதாக இருக்க வேண்டும், அதன் ஸ்கேன் நகல் போதும். கணினியில் தட்டச்சு செய்த பெயர் செல்லாது.

பணம் கட்டும் முறையில் இப்போது நிறையப் பேர் இடறுகிறார்கள். 2025 அக்டோபர் 28க்குப் பிறகு காகிதக் காசோலை வாங்குவதில்லை. ஜி-1450 படிவத்தில் அமெரிக்க வங்கி தந்த அட்டை, அல்லது ஜி-1650 படிவத்தில் அமெரிக்க வங்கிக் கணக்கு, இந்த இரண்டுதான். 715, 600, 2,965 மூன்றையும் தனித்தனியாகக் கட்ட வேண்டும், ஒன்றாகக் கூட்டி 4,280 என்று எழுதினால் திரும்பிவிடும். அட்டையை ஒரு முறை இழுத்துப் பார்ப்பார்கள். அன்றைய வரம்பு போதாமல் மறுத்தால் மறுமுறை இழுக்க மாட்டார்கள். ஆகவே தென்னாப்பிரிக்க வங்கி அட்டையை நம்பி இந்தக் காரியத்தில் இறங்காதீர்கள். உங்கள் பங்கை முதலாளிக்கோ வக்கீலுக்கோ வங்கி மூலம் அனுப்பிவிட்டு, கட்டணத்தை அவர்களுடைய அமெரிக்கக் கணக்கிலிருந்து கட்டச் சொல்வதே பத்திரம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது இங்குள்ள வங்கி எதற்கென்று கேட்டு ஒரு குறியீடு போடும், வக்கீலின் பில்லைக் கையில் வைத்திருங்கள்.

திரும்பி வந்த பார்சலுக்குத் தேதி கிடையாது. நர்ஸுக்குப் பிரையாரிட்டி டேட்டே போய்விடும். பெர்ம் வழிக்காரருக்கு இன்னும் மோசம். பெர்ம் சான்று 180 நாள்தான் செல்லும், அதற்குள் ஐ-140 போய்ச் சேர வேண்டும். 175வது நாளில் அனுப்பி அட்டை மறுக்கப்பட்டால், இரண்டு மூன்று ஆண்டு வேலை குப்பைக்குப் போகும்.

ஆர்எஃப்இ எங்கிருந்து வருகிறது

பிரீமியத்தில் அதிகாரி சீக்கிரம் பார்க்கிறார் என்பதற்காக இளக்கமாகப் பார்ப்பதில்லை. அரைகுறைக் கோப்புக்கு பிரீமியம் போட்டால் அரைகுறை என்ற கடிதம் மூன்று வாரத்தில் வரும், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்கக் கோப்புகளில் இடறும் இடம் அனுபவச் சான்று. வேலையை விட்டால் இங்கே தொழில் சட்டப்படி சர்ட்டிபிகேட் ஆஃப் சர்வீஸ் தருவார்கள். சேர்ந்த தேதி, விலகிய தேதி, பதவி, கடைசிச் சம்பளம் இருக்கும். பதவிப் பெயர் மட்டும் போதும் என்பதால் பல நிறுவனங்கள் அதோடு நிறுத்திவிடும். யு.எஸ்.சி.ஐ.எஸ்.ஸுக்கு அது போதாது. எழுதுபவரின் பெயரும் பதவியும் முகவரியும், நீங்கள் என்ன வேலை செய்தீர்கள் என்ற விவரமும், முழுநேரமா பகுதிநேரமா என்பதும் வேண்டும். அரசு ஆஸ்பத்திரி மனிதவளப் பிரிவில் இப்படி ஒரு கடிதம் வாங்குவது லேசான காரியமல்ல. வார்டு பொறுப்பாளரோ நர்சிங் மேலாளரோ லெட்டர்ஹெட்டில் எழுதித் தந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது பட்டம். இங்குள்ள பல்கலைக்கழகங்களின் மூன்றாண்டு பி.எஸ்சி., பி.காம். பட்டங்களை அமெரிக்காவின் நான்காண்டுப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை. அதை மட்டும் வைத்து ஈபி-2 போட்டால் ஆர்எஃப்இ நிச்சயம் என்றே வைத்துக்கொள்ளலாம். மேலே ஓராண்டு ஹானர்ஸ் படித்திருந்தால் இரண்டையும் சேர்த்து வாதாட இடமுண்டு. நான்காண்டு பொறியியல் பட்டத்துக்கு இந்தச் சிக்கலில்லை. தென்னாப்பிரிக்கத் தகுதி ஆணையமான சாக்காவின் மதிப்பீடு தென்னாப்பிரிக்காவுக்குள் செல்லும். அமெரிக்க மனுவுக்கு அங்குள்ள மதிப்பீட்டு நிறுவனத்தின் அறிக்கை வேண்டும்.

மூன்றாவது பெயர். ஒரே குடும்பத்தில் தாத்தாவின் குடும்பப் பெயர் பிள்ளை என்றும் அப்பாவுடையது பிள்ளே என்றும் இங்குள்ள உள்துறையான ஹோம் அஃபேர்ஸ் எழுதி வைத்திருக்கும். நர்சிங் கவுன்சில் பதிவில் கல்யாணத்துக்கு முந்தைய பெயர், பாஸ்போர்ட்டில் கணவர் குடும்பப் பெயர். இரண்டையும் இணைக்கும் திருமணச் சான்றிதழை மனுவிலேயே வைத்துவிட்டால் ஒரு கேள்வி குறையும்.

முதலாளியின் நிதி நிலையும் கேட்கப்படும். பிரையாரிட்டி டேட் முதலே சொன்ன சம்பளத்தைக் கொடுக்க வலுவுள்ள நிறுவனமா என்பதற்கு வரிக் கணக்கு, ஆண்டறிக்கை, தணிக்கை செய்த கணக்கு இவற்றில் ஒன்று வேண்டும். 100 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனமாக இருந்தால் நிதி அதிகாரியின் கடிதத்தை ஏற்கலாம். சிறிய முதியோர் இல்லங்கள் இங்கேதான் தோற்கின்றன.

ஆர்எஃப்இ வந்தால் பதிலுக்கு அதிகபட்சம் 84 நாள், தபாலுக்கு 3 நாள் சேர்த்து 87. ஒரே முறைதான் பதில் அனுப்ப முடியும், பாதி ஆவணத்தை அனுப்பிவிட்டு மீதி பின்னால் என்று சொல்ல முடியாது. நவம்பரில் பிரீமியம் போட்டால் ஆர்எஃப்இ டிசம்பரில் வரும். டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி முதல் வாரம்வரை இந்த நாடே கடற்கரையில் இருக்கும், பல்கலைக்கழகமும் மனிதவளப் பிரிவும் போனை எடுக்காது. 84 நாளில் மூன்று வாரம் அப்படிப் போகும். அனுபவச் சான்று இன்னும் கைக்கு வராதவர்கள் பிப்ரவரிக்குத் தள்ளிப்போடலாம். பிரையாரிட்டி டேட்டுக்காக அவசரப்படும் நர்ஸ் மட்டும் சாதாரண வரிசையில் உடனே போட்டுத் தேதியைப் பிடித்துக்கொண்டு, பிரீமியத்தைப் பின்னால் சேர்க்கலாம்.

பாஸான பிறகு

ஐ-140 படிவத்தின் 4ஆம் பகுதியில் விசா எந்தத் தூதரகத்தில் என்று கேட்கும். தென்னாப்பிரிக்காவில் குடியேற்ற விசா நேர்முகம் ஜோகன்னஸ்பர்க்கில் மட்டும். டர்பன்காரரும் கேப் டவுன்காரரும் அங்கேதான் போக வேண்டும். அந்த இடத்தில் வக்கீல் பழக்க தோஷத்தில் அமெரிக்காவுக்குள்ளேயே கிரீன் கார்டு கேட்பதாகக் குறித்துவிட்டால் கோப்பு நேஷனல் விசா சென்டருக்குப் போகாது. அதைத் திருப்பிவிட ஐ-824 போட வேண்டும், கட்டணம் 590 டாலர், அதற்குப் பிரீமியம் கிடையாது. 15 நாளில் பாஸான மனு ஒரு கட்டத்துக்குள் போட்ட தவறான டிக்கால் மாதக்கணக்கில் முடங்கும். கையெழுத்துக்கு முன் அந்த ஒரு பக்கத்தையாவது வாங்கிப் பாருங்கள்.

ஐ-140 போட்ட பிறகு அட்லாண்டாவில் இருக்கும் அக்காவைப் பார்க்கச் சுற்றுலா விசா கேட்டால், உங்களுக்காகக் குடியேற்ற மனு யாராவது போட்டிருக்கிறார்களா என்ற கேள்விக்கு ஆம் என்றே பதில் எழுத வேண்டும். விசா கிடைப்பது கடினமாகும். பார்த்துவிட்டு வர வேண்டியிருந்தால் முன்பே போய் வாருங்கள்.

நேஷனல் விசா சென்டரில் தலைக்கு 345 டாலர் கட்டி, டிஎஸ்-260 நிரப்பி, ஆவணங்களை ஏற்ற வேண்டும். பிரீமியத்தால் மிச்சமான வாரங்களை இங்குள்ள ஆவணங்கள் விழுங்கிவிடும் என்பதால், ஐ-140 போட்ட வாரமே இவற்றுக்கு எழுதிப் போடுங்கள். பிறப்புச் சான்றிதழ் பெற்றோர் விவரம் உள்ள முழுச் சான்றிதழாக இருக்க வேண்டும், சுருக்கச் சான்றிதழ் செல்லாது. பழைய பிறப்புகளுக்கு ஹோம் அஃபேர்ஸ் பெட்டகத்திலிருந்து தேடி எடுக்க மாதக்கணக்கில் ஆகலாம். போலீஸ் சான்று பிரிட்டோரியாவில் உள்ள குற்றப் பதிவு மையத்திலிருந்து, கைரேகையோடு. 16 வயதுக்குப் பின் வேறு நாட்டில் ஓராண்டுக்கு மேல் இருந்திருந்தால் அந்த நாட்டுச் சான்றும் வேண்டும். சவூதியில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்துவிட்டு வந்த நர்ஸ்கள் இதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும், நாட்டைவிட்டு வந்த பிறகு அங்கிருந்து வாங்குவது சுலபமல்ல. நர்ஸ்களுக்கு நேர்முகத்தில், படிப்பையும் பதிவையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ் கட்டாயம். அதற்கு நர்சிங் கவுன்சிலும் படித்த கல்லூரியும் நேரடியாக அனுப்பும் சரிபார்ப்புகள் தேவை, அவற்றைப் பிரீமியம் கட்டியும் வேகப்படுத்த முடியாது.